பாலைவனக் கலைவிழாவுக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் ‘பர்னிங் மேன்’ கலைவிழாவுக்கு முதல் தடவையாகக் கிளம்புகிறார்கள். அங்கே போட்டுக்கொள்ள வேடத் துணியை ஊரிலேயே தைத்து அனுப்பச் சொல்லி அப்பச்சிக்கோ ஆத்தாவுக்கோ போன் வருகிறது. அவர்களும் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு தையற்கடைக்கு வருகிறார்கள். போட்டோவில் இருப்பது பெரும்பாலும் வலைத்துணியும் இறகும் ஜிகினாவும்தான். அதை அப்படியே தைத்துக் கொடுத்தால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் பாதி உதிர்ந்துவிடும். மீதி ராத்திரிக் குளிருக்கு ஆகாது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தைக்கக் கொடுப்பவர்களும் தைப்பவர்களும் ஒருசேரத் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

முதலில் மண்ணைப் பற்றி. 1986இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் தொடங்கிய இந்த விழா 1990 முதல் இந்தப் பாலைவனத்தில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஆரம்பித்து செப்டம்பர் முதல் திங்கட்கிழமையோடு முடியும். பாலைவனம் என்றதும் மணற்குன்றை நினைக்கக் கூடாது. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில் வற்றிக் கிடக்கும் ஓர் ஏரிப் படுகை. மேலே இருப்பது மணல் இல்லை, கோதுமை மாவைப் போன்ற வெள்ளைத் தூசி. அந்தத் தூசி காரத்தன்மை உள்ளது. பகலில் வெயில் 38 டிகிரி வரை ஏறும், விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்குவதும் உண்டு. காற்று கிளம்பினால் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது.

காரம் என்பதுதான் இதில் முக்கியம். வண்ணார் வீடுகளில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்த காலத்தில் பட்டுச்சேலையை அந்தப் பானைப் பக்கம் கொண்டுபோனவர் இல்லை. பருத்தி காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்காது. இரண்டும் உயிரினத்திடமிருந்து வரும் புரத நூல்கள். காரம் பட்டால் பளபளப்பு போய், நாள்பட இற்றுப்போகும். பிளாக் ராக் தூசி உவர்மண்ணுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையை வெட்டி கோட்டு தைக்கச் சொல்வது அருமையான புடவையைப் பாழாக்குவதுதான். அசல் சரிகையின் உள்நூலும் பட்டு. அதையும் விட்டுவிடலாம்.

இதற்கு நம் கண்டாங்கியைப் போல ஒத்துவரும் துணி வேறில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி தடித்த பருத்தி. அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கலந்த பெரிய கட்டம், அகலமான கரை. தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணில் நிற்கும் துணிக்கு ஜிகினா எதற்கு? மஞ்சளிலும் அரக்கிலும் வெள்ளைத் தூசி அவ்வளவாகத் தெரியாது. தனிக் கறுப்பில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில் பெரியவர் ஒருவருக்கு ஒரு பைஜாமா, அதற்கு முன்விசிறி (முன்னால் விசிறி போல விரியும் கொசுவம்), கையில்லாத மேல்சட்டை மூன்றும் அடங்கும். கரையை முன்விசிறிக்கும் கழுத்துப் பட்டிக்கும் ஒதுக்கிவிட்டு மற்றதை வெட்ட வேண்டும். அவசரத்தில் கரையில் கத்திரி வைத்துவிட்டால் திரும்ப வராது.

வெட்டுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, துணியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்கிக் காயவைப்பது. மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். இதைச் செய்யாமல் தைத்த பைஜாமா முதல் துவைப்பில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். இன்னொன்று சாயச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவைச் சோடாவைக் கரைத்து, கண்டாங்கித் துண்டு ஒன்றை வெள்ளைப் பருத்தித் துண்டோடு சுருட்டி அரை மணி நேரம் போட்டுவையுங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் அந்தச் சாயம் அந்தத் தூசிக்கும் வேர்வைக்கும் நிற்காது. லைனிங்கிலும் உடம்பிலும் இறங்கும். வேறு சேலை பாருங்கள்.

அடுத்தது உதிர்வது. அந்த நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். விழா முடிந்ததும் நில நிர்வாகத் துறையினர் தரையைச் சோதிப்பார்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு சதுர அடி குப்பைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. வந்தவர்கள் எல்லோரும் தரையில் குனிந்து ஒவ்வொரு ஜிகினாவாகப் பொறுக்குகிறார்கள். ஆகவே உடம்பிலிருந்து எதுவும் உதிரக் கூடாது. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் ஜிகினா லேஸ் சங்கிலித் தையலில் கோத்தது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் கையால் இழுத்த மாதிரி முழுவதும் உருவிக்கொண்டு வரும். இப்போது ரவிக்கைக்கெல்லாம் போடுகிற ஆரி வேலையும் சங்கிலித் தையல்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆரி வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் மணியில்லாமல் நூல் வேலையாக மட்டும் செய்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, உள்பக்கம் லைனிங் கொடுத்து மூடச் சொல்லுங்கள். மினுக்கம்தான் வேண்டுமென்றால் கண்ணாடி வேலை நல்லது. அதன் விளிம்பைச் சுற்றிலும் நூல் இறுக்கிப் பிடித்திருக்கும். ஆனால் கண்ணாடிச் சில்லு வேண்டாம், உடையாத பிளாஸ்டிக் சில்லாக இருக்கட்டும்.

இறகு கூடவே கூடாது. பழனிக் காவடிக்கு மயிற்பீலி கட்டிப் பழகிய ஊர் நமது. அதனால் தோளுக்குப் பீலி வைத்துத் தைக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மயிற்பீலியை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பத் தடை இருக்கிறது. மற்ற இறகுகளும் காற்றில் பிய்ந்து பறக்கும் என்பதால் விழா நடத்துபவர்களே வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுக் கிரீடத்தைப் போலச் செய்யக் கேட்டால் தையற்காரர் மறுத்துவிடலாம். அவர்களிடையே அது தகுதி பெற்றவர் தலையில் ஏறும் பொருள்.

வெட்டு எப்படி இருக்க வேண்டும்? விழாத் திடலுக்குள் எல்லோரும் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். தரையைத் தொடும் பாவாடை, தொங்கும் தாவணி, பின்கொசுவம் எல்லாம் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும். பரதநாட்டியத்துக்குத் தைக்கும் பைஜாமா வெட்டு இதற்கென்றே பிறந்தது போல் இருக்கிறது. கால் இரண்டும் தனி, கணுக்காலில் பட்டி, முன்னால் முழங்கால் வரை மட்டும் விசிறி. நாட்டிய உடை தைப்பவரிடம் கொடுத்தால் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. பட்டுக்குப் பதில் கண்டாங்கி என்பதையும், விசிறிக் கொசுவத்துக்கு உள்ளே கேன்வாஸ் வேண்டாம் என்பதையும் மட்டும் சொல்லுங்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை வேண்டாம். அங்கே தற்காலிகக் கழிப்பறைதான். முழு உடையையும் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும் பாடு.

ஜிப்பில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. மெல்லிய உலோக ஜிப்பில் அந்தத் தூசி ஏறினால் இரண்டாம் நாளே ரன்னர் நகராது. இழுத்தால் பல் பிய்யும். வெல்க்ரோவின் கொக்கிகளில் தூசி அடைந்தால் பிடிக்காது. நாடா, பெரிய பொத்தான், அகல ஹூக் இவை மூன்றும்தான் நம்பலாம். ஜிப் தவிர்க்க முடியாது என்றால் பெரிய பல் உள்ள பிளாஸ்டிக் ஜிப் வைத்து மேலே ஒரு மூடுபட்டி கொடுக்க வேண்டும். எல்லா ஓரமும் இன்டர்லாக் அடித்து அதற்கு மேல் மடித்துத் தைத்தாக வேண்டும். இன்டர்லாக்கோடு விட்டால் நூல் நூலாக உதிரும், அதுவும் குப்பைக் கணக்கில் சேரும்.

ராத்திரிக் கோட்டு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செட்டிநாட்டு வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிரை யோசிப்பது கஷ்டம்தான். போட்டோவில் பார்க்கிற செயற்கை ரோமக் கோட்டைக் கேட்பார்கள். ரோமத் துணியைக் கத்திரியால் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து மாதக்கணக்கில் முடி கொட்டும். பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீறிப் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அதைவிட, பஞ்சு வைத்த பருத்திக் கோட்டு நல்லது. முழங்கால் வரை நீளத்துக்கு 45 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) வெளித்துணி மூன்று மீட்டர், லைனிங் மூன்று மீட்டர், பாலியஸ்டர் பஞ்சுத் தாள் இரண்டரை மீட்டர் ஆகும். நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு குறுக்கே தையல் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பஞ்சு கீழே இறங்கி, தோளில் குளிரும், அடியில் மூட்டை கட்டும். உள்ளே சட்டையும், முதுகில் தண்ணீர்ப் பையும் இருக்கும் என்பதால் மார்புச் சுற்றளவுக்கு மேல் ஆறு அங்குலம் தளர்வு விட வேண்டும். வெளித்துணி பருத்தியாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. விழாவில் எங்கு பார்த்தாலும் தீ விளையாட்டு. நைலான், சாட்டின், வலைத்துணி மீது பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி தீப்பற்றாது என்று சொல்லவில்லை, ஒட்டாது.

இருட்டில் வெளிச்சம் இல்லாமல் நடந்தால் சைக்கிளோ வண்டியோ மோதும். அதனால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். 5 வோல்ட் எல்இடி பட்டை போதும், பவர்பேங்கிலேயே ஓடும். பல்பு முப்பது இருந்தால் ஒற்றை நிறத்தில் ஏறத்தாழ 600 மில்லி ஆம்பியர் இழுக்கும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் கைக்கு வருவது ஆறாயிரம் சொச்சம்தான். ஆக பத்து மணி நேரம். மூன்று நிறமும் சேர்த்து வெள்ளையாக எரியவிட்டால் மூன்று மணி நேரத்தில் தீரும். சின்ன சீரியல் விளக்கு மட்டும் மாட்டினால் இன்னொரு சிக்கல்: மின்சாரம் மிகக் குறைவாக இழுப்பதால் சில பவர்பேங்குகள் தாமே அணைந்துவிடும். ஊரிலேயே ஒரு ராத்திரி எரியவிட்டுப் பாருங்கள். பட்டை அறுவது எப்போதும் ஒயர் பற்றவைத்த இடத்தில்தான். அங்கே பசை ஊற்றி மூடி, முழங்கையிலோ இடுப்பிலோ அந்த இடம் வராதபடி வைக்க வேண்டும். பட்டையைத் துணியோடு சேர்த்துத் தைக்காதீர்கள். வலைத்துணியில் குழாய் போலத் தைத்து உள்ளே நுழைத்தால் துவைக்கும்போது உருவிவிடலாம். விமானத்தில் பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

தலைக்கு எது வைத்தாலும் தாடைக்குக் கீழே கட்டும் நாடா கட்டாயம். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் என்95 முகக்கவசமும் அதோடு சேர்ந்து பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்த பிறகே முடிக்க வேண்டும். வெறும் துண்டைச் சுற்றிக்கொள்வது அந்த மாவுத் தூசிக்குப் போதாது. பனையோலைக் கொட்டான் பின்னலில் தொப்பி அழகுதான். ஆனால் அந்த வறண்ட காற்றில் ஓலை வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அதே பின்னலை ஒயர்கூடை ஒயரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நுனிகளை உள்ளே சொருகி மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் கிடக்கும்.

காலுக்குச் செருப்பு வேண்டாம். காரத்தூசி பட்டுப் பாதம் வெடிக்கும். மூடிய ஷூ, நாளுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை. ராத்திரி ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து காலைத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவினால் போதும். மழைக்கும் இடம் வையுங்கள். 2023இல் பெய்த மழையில் பல்லாயிரம் பேர் வெளியேற முடியாமல் களிமண்ணில் மாட்டிக்கொண்டார்கள். கோட்டின் அடிமடிப்பு முழங்காலுக்குக் கீழே போகாமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனை உருப்படி? முதல் தடவை போகிறவர்கள் நாளுக்கு ஒரு வேடம் என்று ஒன்பது கேட்கிறார்கள். தேவையில்லை. பைஜாமா மூன்று, மேல்சட்டை நான்கு, கோட்டு ஒன்று, தலைக்கு இரண்டு. மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு வாரம் ஓடும். உள்ளாடையும் காலுறையும்தான் நாள் கணக்கில் வேண்டும். இடுப்பில் ஒரு வளையம் தையுங்கள், ஆளுக்கு ஒரு டம்ளர் தொங்கவிட. உள்பக்கம் மூடியுள்ள பை ஒன்று, பொறுக்கிய குப்பையைப் போட. அங்கே விற்பனை என்று பார்த்தால் ஐஸ் கிடைக்கும், ஊக்கும் நூலும் கிடைக்காது. ஊசி, நூல், இருபது ஊக்கு, நான்கு ஹூக் ஒரு டப்பாவில் துணியோடு அனுப்புங்கள். ஒவ்வொரு நாள் துணியையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் மூடிக் கட்டுங்கள். பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றிலும் தூசி ஏறிவிடும்.

அளவை ஆனியிலேயே வாங்குங்கள். பிள்ளை நேரில் இல்லாவிட்டால், அவர்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். உடம்பை அவர்களே அளந்துகொண்டால் தப்பாகத்தான் வரும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, தையற்கடையில் கை ஓய்வாக இருக்கும். ஆடிப்பெருக்குக்குள் பார்சல் கிளம்பியாக வேண்டும். ஆவணி முகூர்த்தத் துணி குவிந்த பிறகு வந்து அவசரப்படுத்தினால் ஓரம் மடிக்காத துணிதான் கிடைக்கும்.

ராஜஸ்தானில் நடக்கும் ஜெய்சல்மர் பாலைவன விழாவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். அங்கே இருப்பது மணல், காரத்தூசி அல்ல. தை, மாசியில் நடப்பதால் கோட்டு மட்டும் கட்டாயம்.

பர்னிங் மேன் முடிந்து வந்த துணியை நேரே வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெளியில் வைத்து உதறி, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்து அலசி, அதன் பிறகு சோப்புப் போடுங்கள். தண்ணீர் முதல் இரண்டு தடவை பால் போலத்தான் வரும். தெளிந்த பிறகே வெயிலில் போடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டிய, நாடக உடைகள் தைப்போர் சிலர்,
காரைக்குடி