அமெரிக்கப் பெண்களும் 1920ஆம் ஆண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பெண்கள் சமத்துவ நாளான ஆகஸ்ட் 26 அன்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் தொடங்கி, 1920இல் வாக்குரிமையில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த பத்தொன்பதாவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது வரையிலான போராட்டத்தைக் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துரைத்திருந்தார். ஆயினும், அந்த ஆண்டோடு அமெரிக்கப் பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றுவிட்டனர் என்று அவர் முடித்திருந்தது எனக்கு வருத்தமளித்தது.

1920ஆம் ஆண்டின் வெற்றியே மயிரிழையில் கிடைத்தது. திருத்தம் நடைமுறைக்கு வர 36 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது; அந்த 36ஆவது மாநிலமாக டென்னசி இருந்தது. திருத்தத்தை எதிர்ப்பவர்கள் அணிந்த சிவப்பு ரோஜாவைச் சட்டையில் செருகிக்கொண்டு அம்மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்திருந்த 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், ஆதரித்து வாக்களிக்குமாறு தம் தாய் எழுதிய கடிதத்தைப் பையில் வைத்திருந்தார். அவர் மனம் மாறியதால்தான் தீர்மானம் நிறைவேறியது. தாயின் அறிவுரையைக் கேட்பதே மகனுக்கு நல்லது என்று மறுநாள் அவர் விளக்கமும் அளித்தார்.

ஆனால், தெற்கு மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் திருத்தம் ஏட்டளவிலேயே நின்றது. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணையொன்றில் 18 ஆண்டுகள் உழைத்த ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31 அன்று வேறு 17 பேருடன் பேருந்தில் இண்டியனோலா நகருக்குச் சென்று, வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க முயன்றார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைத் தந்து, அதற்குப் பொருள் எழுதச் சொன்னார் அங்கிருந்த அலுவலர். சட்டம் படித்தவர்களே தடுமாறக்கூடிய கேள்வி அது. தேர்ச்சி பெறாமல் ஊர் திரும்பியவரிடம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் பண்ணையை விட்டு வெளியேற வேண்டும் என்றார் முதலாளி. “உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை; எனக்காகப் போனேன்” என்று பதில் சொல்லிவிட்டு, அன்றிரவே அவர் வெளியேறினார். இத்தகைய தேர்வுகளுக்கு முடிவு கட்டிய வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது.

மற்றொரு மைல்கல்லையும் குறிப்பிட விரும்புகிறேன். நான் முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவள். திருமணமான பெண் கடன் கேட்டால் கணவரின் கையொப்பத்தைக் கோருவதும், குழந்தை பெறும் வயதில் இருக்கிறாள் என்பதற்காக அவளுடைய சம்பளத்தைக் குறைத்துக் கணக்கிடுவதும் அமெரிக்க வங்கிகள் பலவற்றில் வழக்கமாக இருந்தன. கணக்குகள் யாவும் கணவர் பெயரில் இருந்ததால், அவரை இழந்த பெண்ணுக்கோ மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கோ கடன் வரலாறு என்ற ஒன்றே இல்லாமல் போனது. கடன் வழங்குவதில் பாலினம், திருமண நிலை ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1974இல் சட்டம் இயற்றிய பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது. விண்ணப்பப் படிவத்தோடு தனியாக வந்த பெண்களிடம், “வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்கம்மா” என்று நானே சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு. அந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது, படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிச் சென்ற அவர்களின் முகங்கள்தாம் என் நினைவுக்கு வந்தன.

ஆண், பெண் இருபாலருக்கும் சட்டத்தில் சம உரிமை வழங்கும் சம உரிமைத் திருத்தம் 1923இல் முன்மொழியப்பட்டு, 1972இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றும், 1982இல் கெடு முடிந்தபோது, தேவையான 38 மாநிலங்களில் 35 மட்டுமே அதை ஏற்றிருந்தன என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். இந்தப் பிற்பகுதி வரலாற்றையும் தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மதுரை.