ஊர் வாரியாக எழுதுங்கள், அந்தப் பெயர்களை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். படைவீரர் நலனுக்கான கொடிநாள் வசூல் குறித்து உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். எவ்வளவு வசூலானது, யார் உண்டியலில் முதல் காணிக்கை போட்டார் என்பதெல்லாம் இருந்தது. இந்த மலையிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. செய்தி எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் விசாரித்திருந்தாலும் ஊர் வாரியான ஒரு பட்டியலை எடுத்து நீட்ட இங்கே யார் இருக்கிறார்கள்?

என் பெரியப்பா 1971 டிசம்பரில் கிழக்கு எல்லையில் இறந்தார். குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், லயன் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். பக்கத்து ராணுவ ஊரான வெலிங்டனுக்கு நடந்தே போய் ஆள் எடுப்பில் நின்று மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். டாக்கா வீழ்ந்தது என்று வானொலியில் கேட்டு லயன் முழுவதும் மகிழ்ந்து சில நாள் கழித்துத்தான் தந்தி வந்தது. கணக்கப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, வெகுநேரம் பாட்டியிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றாராம். எனக்கு அப்போது ஏழு வயது. தந்தி எனக்கு நினைவில் இல்லை. பிறகு வந்த டிரங்குப் பெட்டி நினைவிருக்கிறது. பச்சை வண்ணம், மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பெயரும். உள்ளே ஒரு கம்பளி, ஒரு சாப்பாட்டுத் தட்டு, எழுதி முடித்து அஞ்சலில் போடாத இரண்டு இன்லேண்டு கடிதங்கள். மூடியிலிருந்த ஆங்கில எழுத்துகளைப் பாட்டியால் படிக்க முடியாது. எந்த எழுத்தில் பெயர் தொடங்குகிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாகும்வரை அந்த ஓர் எழுத்தின் மேல்தான் விபூதி வைத்தார்.

அந்தக் காலத்தில் களத்தில் இறந்தவர்களின் உடலை வீட்டுக்கு அனுப்பும் வழக்கமில்லை. அங்கேயே தகனம் செய்துவிடுவார்கள். 1999 கார்கில் போரின்போதுதான் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. ஆகவே 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களுக்கும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப் படையில் மாண்டவர்களில் பெரும்பாலோருக்கும் சொந்த ஊரில் சமாதி என்று ஒன்று இல்லை. குடும்பத்தின் ஞாபகம் மட்டும்தான்.

1971 போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா தம் கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகையில் பார்சிகளின் மயானத்தில் மனைவியின் அருகே அவருடைய கல்லறை இருக்கிறது. பணியில் இருந்தபோது மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அப்படிப் போன ஒருமுறை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், உங்கள் பெரியப்பாவின் கல்லறை எங்கே இருக்கிறது?" அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

நினைவுச் சின்னங்கள் இல்லாமல் இல்லை. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களின் கருங்கற்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. வெலிங்டனிலும் ரெஜிமென்ட் மையத்தில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவை படைக்கு உரியவை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் ஒரு தாய், தன் ஊர்ப் பிள்ளை எவனெவன் போனான் என்று தெரிந்துகொள்ள எந்தக் கல்லிடம் போவாள்? எல்லோரும் மெட்ராஸ் ரெஜிமென்டிலும் இல்லை. பொறியாளர் படையில், சிக்னல்ஸில், பீரங்கிப் படையில் என்று சிதறிச் சேர்ந்தவர்கள். அவர்களை ஒன்றாகச் சேர்ப்பது ஊர் ஒன்றுதான்.

ஆகவே என் கோரிக்கை இது. ஹட்டி (படுகர் ஊர்), எஸ்டேட், பேட்டை என்று ஊர் வாரியாக, தமிழில், அந்தப் பெயர்களை எழுத வேண்டும். பதவி எதுவானாலும் ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். குன்னூர், உதகை பஸ் நிலையங்களைப் போல, காய்கறி மூட்டையோடு நிற்பவரும் படிக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வெலிங்டன் ஆவணக் காப்பகமும் மனம் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி வீடுகளில்தான் இருக்கிறது. அதற்குத்தான் அவசரம். லயன்கள் காலியாகின்றன, குடும்பங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டன, டிரங்குப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகின்றன.

இந்த மக்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் உடன் வந்தவர்களும் பயணித்த ஹெலிகாப்டர் நஞ்சப்பச்சத்திரத்தில் விழுந்தபோது, தண்ணீரும் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அங்கே குடியிருந்த எளிய மக்கள்தான். உடல்கள் சூலூருக்குச் சென்ற வழியெங்கும் சனங்கள் நின்று பூத்தூவினார்கள். பெயர் தெரிந்தால் எங்கள் ஆட்கள் நிச்சயம் நின்று வணங்குவார்கள்.

உங்கள் நீலகிரிப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, வாசகர்களிடமிருந்து பெயர், ஊர், ஆண்டு இந்த மூன்றை மட்டும் கேட்டு வெளியிடுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து நான் இதுவரை நான்கு பெயர்களைச் சேர்த்திருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம் கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். பெரியப்பாவின் பெயரைத் தமிழில் எழுதித் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
அருவங்காடு, நீலகிரி