ஃபார்மட் போடும் முன் பத்து நாள் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதையொட்டி உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் பலரும் மடிக்கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றி வருகிறார்கள். மாற்றிய மறுநாளே புலம்பலும் தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யவில்லை, டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்த முடியவில்லை, இயர்போன் செருகினாலும் சத்தம் ஸ்பீக்கரில்தான் வருகிறது, தமிழ் தட்டினால் எழுத்து மாறி விழுகிறது. "ஓ.எஸ். சரியா ஏறல, ஃபார்மட் போட்டாத்தான் தீரும்" என்று யாராவது தீர்ப்புச் சொல்ல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி மேட்டுப்பாளையம், கோவை என்று அலைகிறார்கள். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவையே இல்லை. போட்டாலும் பலமுறை அதே கோளாறுதான் திரும்பி வரும்.

காரணம் எளிது. வெளிச்ச விசை, டச்பேட் சைகை, கைரேகை போன்றவை விண்டோஸ் மட்டுமே பார்த்துக்கொள்ளும் வேலைகள் அல்ல. விசையை அழுத்தினால் அந்தச் செய்தி போர்டில் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் போய், தயாரிப்பாளர் தந்த ஹாட்கீ டிரைவர் வழியாக டிஸ்பிளே டிரைவரைச் சேர வேண்டும். (டிரைவர் என்பது ஒரு உறுப்பை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்; ஹாட்கீ டிரைவர் சிறப்பு விசைகளுக்கானது, டிஸ்பிளே டிரைவர் திரைக்கானது.) பதிப்பு மாற்றத்தின்போது இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு டிரைவர் தனக்கு ஒத்துவராது என்று விண்டோஸ் கருதினால், அதை எடுத்துவிட்டுத் தன்னிடமுள்ள பொது டிரைவரை வைத்துவிடும். செட்டிங்ஸில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், கீழே கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது. ஃபார்மட் போட்டாலும் அதே பொது டிரைவர்தான் வந்து உட்காரும்.

எதையும் தொடும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் உள்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. அரைகுறையாக நிற்கும் டிரைவரும் அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். தினமும் அணைத்துத்தான் போடுகிறேன் என்பவர்கள் மாதக்கணக்கில் ஒருமுறைகூட உண்மையாக ரீஸ்டார்ட் செய்யாமல் இருப்பது சாதாரணம். இதை நிரந்தரமாக நிறுத்த, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் விசையோடு 'ஏ'வை அழுத்தினால் வரும் பலகையில் வெளிச்சத்துக்கான நகர்த்தி இருக்கிறதா என்று பாருங்கள். நகர்த்தி இருந்து, இழுத்தால் வெளிச்சமும் மாறுகிறது, விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், குறை ஹாட்கீ டிரைவரில். நகர்த்தியே காணோம் என்றால் விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' வரியை விரியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி போன்ற பெயர் இல்லாமல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றிருந்தால் திருடன் அகப்பட்டான். திரையின் எழுத்து பெரிதாகித் தெரிவதும், நைட் லைட் வேலை செய்யாததும் அதே டிரைவரின் கைவரிசைதான். நகர்த்தி இருந்து, நகர்ந்தும் வெளிச்சம் மாறவில்லை என்றால் 'மானிட்டர்ஸ்' வரியில் உள்ள 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முடங்கியிருந்தால் வலச் சொடுக்கில் 'எனேபிள்' கொடுங்கள். வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறது என்பது இன்னொரு புகார். அது பழுதல்ல. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே போய் வெளிச்ச வரியை விரித்து, திரையில் உள்ளதற்கேற்ப மாற்றும் வசதியை நிறுத்திவிட்டால் போதும்.

டச்பேட் அடியோடு செத்துக் கிடந்தால் பலரும் டச்பேட் டிரைவரைத் தேடி இறக்குகிறார்கள். அது பாதிக் கிணறுதான். இன்றைய டச்பேட்கள் பெரும்பாலும் ஐ2சி என்னும் தடத்தில் இணைந்திருப்பவை. அந்தத் தடத்தைத் திறந்துவிடுவது சிப்செட்டோடு வரும் 'சீரியல் ஐஓ' டிரைவர். அது இல்லாமல் டச்பேட் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. எனவே தயாரிப்பாளரின் தளத்தில், கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கொடுத்து, முதலில் சிப்செட், அடுத்து சீரியல் ஐஓ, பிறகு டிஸ்பிளே, அதன்பின் ஹாட்கீ, கடைசியில் டச்பேட் என்ற ஒழுங்கில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ரீஸ்டார்ட். உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் தளத்தில் இல்லையென்றால் விண்டோஸ் 10க்கானதைப் போடலாம். பெரும்பாலும் அப்படியே ஓடும். வேலை முடியும்வரை யுஎஸ்பி மவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இங்கே பல வீடுகளில் இணையம் என்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று அந்த இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது அளவாகச் செலவிட வேண்டிய இணைப்பு, என்று குறித்து வைத்திருப்பார்கள். சிக்கனத்துக்கு அது நல்லது. ஆனால் மீட்டர்ட் இணைப்பில் விண்டோஸ் தானாக டிரைவர்களை இறக்காது. பதிப்பு மாறிய பிறகு வர வேண்டிய டிரைவர்கள் வராமலேயே நிற்க, ஆளோ விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார். செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'டிவைசஸ்', பக்கத்தின் அடியில் மீட்டர்ட் இணைப்பிலும் டிரைவர் இறக்க அனுமதிக்கும் பொத்தானை ஒரு நாளைக்கு மட்டும் திறந்து வையுங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் போய் அங்கே 'டிரைவர் அப்டேட்ஸ்' என்று வரிசையில் காத்திருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவரே போய்விட்டதா? கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் செருகி, கைப்பேசியில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே உண்டு.

இறக்கவே வழியில்லாத இடத்துக்கும் ஒரு வழி உண்டு. பழைய டிரைவர் உங்கள் கணினியிலேயே கிடக்கிறது. பதிப்பு மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் நகர்த்தி வைக்கப்படும். டிவைஸ் மேனேஜரில் கோளாறுள்ள சாதனத்தை வலச் சொடுக்கி 'அப்டேட் டிரைவர்', அடுத்து 'பிரௌஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து, விண்டோஸ்.ஓல்ட், அதனுள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று போய் நில்லுங்கள். உள்ஃபோல்டர்களையும் தேடச் சொல்லும் கட்டத்தில் குறி இருக்க வேண்டும். பொருந்தும் டிரைவர் கிடைத்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்று மழுப்பினால், 'லெட் மீ பிக்' பட்டியலைத் திறந்து, பழைய பதிப்பு அதில் தெரிந்தால் தேர்ந்தெடுங்கள்.

இந்த ஃபோல்டருக்கு ஆயுள் 10 நாள். பிறகு விண்டோஸே அழித்துவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் இருக்கும் 'கோ பேக்' பொத்தானுக்கும் அதே 10 நாள்தான். கோப்புகள் போகாமல் விண்டோஸ் 10க்கே திரும்பும் வழி அது. புதிய பதிப்பில் போட்ட மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் மட்டும் போகும். 128 ஜிபி வட்டு வைத்திருப்பவர்கள் இடம் போதவில்லையென்று மறுநாளே டிஸ்க் கிளீனப் போட்டு விண்டோஸ்.ஓல்டை அழித்துவிடுகிறார்கள். வந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள். மழையில் பாதை அடைபட்டு, ஆள் கிடைக்க நாளாகும் என்று தெரிந்தால், விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்ம்' என்னும் கட்டளை மூலம் இந்தக் கெடுவை 60 நாள்வரை நீட்டலாம். அதையும் பத்து நாள் முடிவதற்குள் செய்தாக வேண்டும்.

அடுத்தது விளையாட்டல்ல. விண்டோஸ் 11க்குத் தகுதி வேண்டுமென்று, விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருளான பயாஸில் புகுந்து டிபிஎம், செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிகளை மாற்றுவார்கள், அல்லது கோளாறு தீரட்டும் என்று பயாஸையே புதுப்பிப்பார்கள். கணினியில் வட்டைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை போடும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் படமும் கணக்கும் போனதுதான். எந்தக் கோவைக் கடையாலும் மீட்க முடியாது. சாவி வழக்கமாகக் கணினி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைக்கப்பட்டதோ அதில் பதிவாகியிருக்கும். அமைத்துக் கொடுத்தவர் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டுக் கொடுத்திருந்தால் சாவியும் அவர் கணக்கில்தான் இருக்கும். பயாஸைத் தொடும் முன் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் டிவைஸ் என்கிரிப்ஷன் 'ஆன்' என்றிருக்கிறதா என்று பார்த்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கடைக்குக் கொடுத்து வாங்கினால், எந்த மின்னஞ்சலில் அமைத்தார்கள் என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

தமிழ் எழுத்து மாறி விழுவதற்கு டிரைவர் காரணமல்ல. விண்டோஸில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகைகள் உண்டு. வெறுமனே 'தமிழ்' என்று பெயர் போட்டிருப்பது இன்ஸ்கிரிப்ட் என்னும் விசை அமைப்பு. தமிழ்99 என்னும் வேறு அமைப்பில் பழகிய கை அதில் தட்டினால் குழப்பம்தான். செட்டிங்ஸ், 'டைம் அண்ட் லாங்க்வேஜ்', 'லாங்க்வேஜ் அண்ட் ரீஜன்' போய், தமிழ் வரியின் மூன்று புள்ளியில் 'லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்து தமிழ்99 பலகையைச் சேர்த்து, வேண்டாததை நீக்குங்கள். மாற்றிக்கொள்ள விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். இதற்கென்று தனி மென்பொருள் வேண்டியதில்லை. பழைய டைப்ரைட்டர் முறையில் தட்டுபவர்களுக்கு மட்டும் அது வேண்டும். அப்படிப்பட்ட பழைய மென்பொருள் எதுவும் திறக்க மறுத்தால், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில், பழைய மென்பொருள்கள் பல ஓடத் தேவைப்படும் டாட்நெட் 3.5 குறியில்லாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இலைக் கணக்குச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒரு சீட்டுக்கு ஒரு தாளையே தள்ளிக்கொண்டிருந்தால், பிரிண்டர் கெடவில்லை. நீங்கள் உருவாக்கி வைத்திருந்த தாள் அளவு போய்விட்டது. 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, சீட்டை அளவுகோலால் அளந்து அதே நீள அகலத்தில் புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, பிரிண்டரில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' பொத்தானையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டருக்கே சீட்டு ஓடும். கேமரா கறுப்பாகத் தெரிந்தால் பிரைவசி பக்கத்தில் கேமரா அனுமதியைப் பாருங்கள், கேமராவை மறைக்கும் சிறு தள்ளுமூடி மூடியிருக்கிறதா என்றும்.

எல்லாப் பழியையும் புதிய பதிப்பின்மேல் போடுவதும் நியாயமல்ல. உறைபனிக் காலத்து விடியலில் பேட்டரி சீக்கிரம் இறங்குவது லித்தியத்தின் குணம். குளிரில் அதன் கொள்ளளவு குறையும், அறை சூடானதும் திரும்பும். மேகமூட்ட நாளில் டச்பேட் தானாகத் துள்ளினால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரப்பதமும் விரல்போலவே அதற்குத் தெரியும்.

கடைசியாக, எந்தக் கணினியை மாற்றவே கூடாது என்பதும் உண்டு. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0, 4 ஜிபி நினைவகம், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பழைய அரசு இலவச மடிக்கணினிகளில் பல இதற்குள் வராது. விண்டோஸின் உள் அமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியில் ஏமாற்றி ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஏறும், ஆனால் அதன் பிறகு வரும் டிரைவர் கோளாறுக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பல்ல, மைக்ரோசாஃப்டும் பொறுப்பல்ல. அவற்றுக்கு விண்டோஸ் 10இன் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை காலம் கிடைக்கும். அதன் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான பாஸ் லினக்ஸ் இருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் தீராமல் மலை இறங்கத்தான் வேண்டுமென்றால், ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொண்டு போங்கள்: மாடல் எண், பதிப்பு மாற்றிய தேதி, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரியும் வரியின் பெயர். கூடவே சார்ஜரையும் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
மடிக்கணினிப் பழுது நீக்குநர்,
கோத்தகிரி