ஓவியத்தின் கீழே ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ‘இரண்டு நாளில் சென்னை’ கட்டுரையைப் படித்தேன். காப்பிக் கடை, கண்காட்சிக் கூடம், கடற்கரை என்று ஊரை நன்றாகவே சுற்றிக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். நடுவில் ஒரு வரி: “2020இல் கண்ணகி நகருக்கு வண்ணம் வந்த பிறகுதான் சென்னைத் தெருவில் ஓவியம் என்ற ஒன்றே பிறந்தது.” கண்ணகி நகர்க் குடியிருப்பின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்ததைத்தான் சொல்கிறார். அதற்கு மேல் படிக்க மனம் ஓடவில்லை.

நான் பேனர் ஆர்ட்டிஸ்ட். கட்-அவுட் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். அண்ணா சாலையில் கட்-அவுட் ஏறுகிற அன்று எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தெருவில் ஓவியமே இருந்ததில்லை என்று தங்கள் பத்திரிகையே எழுதினால், நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

அந்த வேலை எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் எழுதுகிறேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ரப் பசை காய்ச்சி வெள்ளைப் பவுடரோடு கலந்து பூசிக் காயவிடுவோம். பிறகு கட்டம். கையகல ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட வேண்டும். கலர்ப்பொடி தடவிய நூலை ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். பெரிய கட்-அவுட்டில் ஒரு கண்ணே ஆள் உயரத்துக்கு இருக்கும். சாரத்தில் உட்கார்ந்து வரைகிறவனுக்கு மூக்கு எது, கன்னம் எது என்று தெரியாது. கட்டத்தை நம்பித்தான் கை போகும். இறங்கிப் போய் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றால்தான் முகம் பிடிபடும். புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் பிரஷ் கழுவுவான். அப்புறம் பின்னணி, அதற்கப்புறம் எழுத்து. முகத்தை மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். எனக்கு முகம் வரையக் கிடைத்தபோது தலையில் நரை விழுந்திருந்தது.

ஃபிளெக்ஸ் வந்ததும் எல்லாம் போயிற்று. நாலு பேர் ஒரு வாரம் செய்த வேலையை மிஷின் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், சிலர் வீடுகளுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனார்கள். 2009இல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக் கூடாதென்று சொல்லி, அங்கே ஓவியம் வரைய எங்களைப் போன்ற பேனர் ஆட்களைத்தான் கூப்பிட்டது. நானும் போனேன். சிக்னலில் நிற்கிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஜனங்கள் எட்டிப் பார்த்து, “சூப்பரா இருக்குண்ணே” என்று கத்திவிட்டுப் போவார்கள். அந்தச் சுவர்களின் படம் தங்கள் பத்திரிகையிலேயே வந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கண்ணகி நகருக்குப் 11 ஆண்டுகள் முன்னால் நடந்த விஷயம் இது. பழைய இதழ்களைப் புரட்டியிருந்தால் கட்டுரையாளருக்கே தெரிந்திருக்கும்.

கண்ணகி நகர் ஓவியங்களைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். போய்ப் பார்த்தேன். நல்ல வேலை. கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க முகம் வரைவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எனக்கு வருத்தம் வேறு. ஆற்றங்கரையிலும் நகரத்துக்கு நடுவிலும் குடியிருந்தவர்களைக் குடிசையிலிருந்து எடுத்து, 2000 முதல் கொண்டுபோய் வைத்த இடம் அது. பிழைப்பு ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆகிப்போன குடும்பங்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன சொந்தக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரி சொல்லத் தயங்கியதை நேரில் கேட்டிருக்கிறேன். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்தச் சுவர் முன்னால் நின்றால் செல்ஃபி நன்றாக வரும் என்பது மட்டும் இருக்கிறது.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கினார் என்று கட்டுரையாளர் வருடத்தோடு எழுதியிருக்கிறார். சரி. அதே பணிக்கர் முதல்வராக இருந்த, 1850இல் தொடங்கிய, பெரியமேட்டுப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரிக்கு இடமில்லை. பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடக்கே ஒரு தெருவுக்கும் இடமில்லை. இரண்டு நாளில் ஒரு மணி நேரம் வடசென்னைக்காரர்களான எங்களுக்கு ஒதுக்கியிருக்கக் கூடாதா?

இது இந்த ஒரு கட்டுரையோடு போகிற விஷயமும் இல்லை. ஃபேஷன் பக்கத்தில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டையை வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தர் போல எழுதினீர்கள். 1960களில் அமெரிக்கர்கள் துவைக்கத் துவைக்கச் சாயம் கசிகிற அந்தத் துணிக்காக அலைந்தார்கள் என்பது உண்மைதான். துணி போனது இங்கிருந்து. எங்கள் எம்.சி. ரோட்டில் நடந்தால் அந்தக் கட்டத்தை லுங்கியாகக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் எதிரே வருவார்கள். அவர்களில் ஒருவரைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாம்.

கானா விஷயத்தில்தான் மிகவும் மனம் நொந்தேன். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் சேர்த்தபோது சிறப்புப் பக்கம் வெளியிட்டீர்கள். முழுக்கச் சபாக்கள். சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நடந்த கானா நிகழ்ச்சியைப் போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் படத்தின் கீழே “கானா பாடகர் ஒருவர்” என்று இருந்தது. அதே பக்கத்தில் மார்கழிக் கச்சேரிப் படத்தில் தம்பூரா மீட்டியவர் பெயர்கூட இருந்தது. தம்பூராக்காரர் பெயர் வரத்தான் வேண்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவரின் பெயர், பிள்ளைகள் பெயர், அவர் செய்த தொழில் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டில் கட்டிப் பாடுகிறவர் அந்தக் கானா பாடகர். ஊரார் பெயரையெல்லாம் பாடுகிறவருக்கு ஒரு பெயர் இருக்காதா? ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிற மனிதர். உங்கள் நிருபர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சுவரோவியம், கோலம், கானா, பறை என்று எதைப் படம் எடுத்துப் போட்டாலும், அதைச் செய்தவர் பெயரை விசாரித்துக் கீழே ஒரு வரி போடச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அந்த 2020 வரிக்கு ஒரு சிறு திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். 2009ஆம் ஆண்டுப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.