மாப்ளே, உன் படகுக்கு எந்த மோட்டார்?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படகு வாங்கிய செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தாமிரபரணிக் கரையில் மண்புழு தோண்டிக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் இந்த வயதில் ஆளுக்கொரு படகு வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது. தங்கச்சிக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பயத்தை நீ மதிக்க வேண்டும். கரையைவிட்டுக் கிளம்பும்போதே எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கிற ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது.

இங்கே மின்னசோட்டாவில் ஏரிகளில் இன்னும் பனிக்கட்டி முழுதாகக் கரையவில்லை. கரையோரம் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது. மே மாதம் நடுவில் வால்ஐ என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிற பருவம் திறக்கும். அதற்குள் டிரெய்லர் சக்கரத்துக்கு கிரீஸ் வைத்து, பாட்டரியைச் சோதித்து எல்லாவற்றையும் தயாராக வைக்க வேண்டும். மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. சனிக்கிழமை ஏரிக்குப் போவது ஒன்றுதான் வாரத்தைத் தள்ளுகிறது. முழங்கால் வலி அப்படியேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் படகுக்கு எத்தனை பவுண்டு தள்ளுவிசையுள்ள எலெக்ட்ரிக் மோட்டார் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பதில்: 12 வோல்ட், 55 பவுண்டு, பின்பக்கப் பலகையில் மாட்டுகிற ரகம், படிப்படியாக இல்லாமல் விரும்பிய வேகத்தில் வைக்கிற கட்டுப்பாடு. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதே. உன் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றில்லை. எனக்கு இந்த எலெக்ட்ரிக் மோட்டார் ஒரு துணை. மீன் இருக்கும் இடத்துக்குப் பெட்ரோல் மோட்டாரில் போய்ச் சேருவேன், அங்கே சத்தமில்லாமல் நகர மட்டும் இது. உங்கள் நியூ ஜெர்சியில் நீ போகப்போகிற மெர்ரில் கிரீக், மனாஸ்குவான் நீர்த்தேக்கங்கள் இரண்டிலும் பெட்ரோல் மோட்டார் ஓட்டக்கூடாது. அப்படியானால் போவதற்கும் இதுதான், மீன் பிடிப்பதற்கும் இதுதான், காற்று திரும்பிவிட்டால் வீடு வந்து சேருவதற்கும் இதுதான். உன் தேர்வு முழுவதும் அந்தக் கடைசி வேலையை வைத்து அமைய வேண்டும்.

கம்பெனிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு தள்ளுவிசை. உன் 14 அடிப் படகு வெறுமனே 200 பவுண்டு இருக்கும் என்று வை. நீ, தங்கச்சி, மருமகன், பாட்டரி, தூண்டில் சாமான், சாப்பாட்டுக்கூடை எல்லாம் சேர்த்தால் 800 பவுண்டைத் தொடும். அந்தக் கணக்குப்படி 16 பவுண்டு போதும்! அமைதியான குளத்தில் போதும்தான். ஆனால் மெர்ரில் கிரீக் மலைமேல் இருக்கிற 650 ஏக்கர் தண்ணீர். அங்கே காற்றுக்குத் தடையே கிடையாது. உன் படகோ எடை குறைவு, அடிப்பாகம் தட்டை, தண்ணீருக்குள் ஆழமாக இறங்காதது. பக்கவாட்டில் காற்று அடித்தால் தண்ணீர்மேல் விழுந்த சருகு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் 55 சொல்கிறேன். 12 வோல்ட்டில் பெரும்பாலும் அதுதான் உச்சம். அதற்குமேல் 80 பவுண்டு வேண்டுமென்றால் 24 வோல்ட், இரண்டு பாட்டரி என்று போகும். அது உனக்குத் தேவையில்லை. படகின் மேலே அடித்திருக்கும் தகட்டில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று போட்டிருக்கும். பாட்டரியும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பதை மறந்துவிடாதே.

பவுண்டு கூடினால் வேகம் கூடும் என்று நினைக்காதே. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 600 வாட், அதாவது ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. இந்த வகை மோட்டார்கள் எல்லாமே மணிக்கு நான்கைந்து மைலுக்குமேல் போகாது. கூடுதல் விசை உதவுவது காற்றுக்கு எதிராகத் தாக்குப்பிடிக்கத்தான்.

வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடையில் இதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். விலை குறைந்த மோட்டார்களில் முன்னுக்கு ஐந்து, பின்னுக்கு மூன்று என்று படிகள் இருக்கும். கீழ்ப் படிகளில் வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தை ஒரு தடைச்சுருள் வழியாக அனுப்புகிறார்கள். மிச்சம் அங்கே சூடாகிப் போகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், பாட்டரி மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். விரும்பிய வேகத்தில் வைக்கிற இன்னொரு வகையில் மின்னணுச் சுற்று மின்சாரத்தைத் துண்டு துண்டாக, தேவையான அளவு மட்டும் விடும். ஒரே பாட்டரியில் ஐந்து மடங்கு நேரம் ஓடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது மெதுவாகப் போகும்போது மட்டும்தான். முழு வேகத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் மீன் பிடிப்பவன் நாள் முழுக்க மெதுவாகத்தானே போகிறான்? வால்ஐக்கு இரையை இழுத்துக்கொண்டு போகும்போது நான் மணிக்கு ஒரு மைலுக்குச் சற்றுமேல்தான் போவேன். நூற்றைம்பது டாலர் கூடினாலும் பரவாயில்லை, இந்த வகையையே வாங்கு.

பாட்டரியில் தயவுசெய்து கஞ்சத்தனம் பண்ணாதே. கார் பாட்டரி வேண்டவே வேண்டாம். அது ஒரு நொடி பெரிய உதை கொடுப்பதற்காகச் செய்தது, தகடுகள் மெல்லியவை, ஆழமாகக் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். டீப் சைக்கிள், அதாவது நெடுநேரம் மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்த ஈய பாட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர் மணி (10 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் என்கிற கணக்கு) என்றால் பாதியைத்தான் செலவழிக்கலாம். முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. 10 ஆம்பியரில் மெதுவாகப் போனால் ஐந்து மணி நேரம் வரும். அதுவே 60 பவுண்டு எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி அதில் பாதி எடைகூட இருக்காது, கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம். உனக்கு இந்த ஒரு மோட்டார்தான் என்பதால் நான் லித்தியத்தையே சொல்வேன். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. ஈய பாட்டரி தீரும்போது மோட்டார் தளர்வது கையிலேயே தெரியும். லித்தியம் கடைசிவரை ஒரே பலத்தோடு ஓடி, உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்ததும் சட்டென்று நின்றுவிடும். நடு ஏரியில் அப்படி நிற்கக்கூடாது. எத்தனை ஆம்பியர் மணி மிச்சம் என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டு. அப்புறம், குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் பண்ணாதே, வீட்டுக்குள் கொண்டுவந்து பண்ணு.

எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போ. திரும்பும்போது காற்றே உன்னைத் தள்ளிக்கொண்டு வரும். படகில் இரண்டு துடுப்பு கட்டாயம் இருக்கட்டும்.

பாட்டரியை முன்பக்கம் வைத்தால் படகு சமநிலையாக நிற்கும், ஏனென்றால் நீயும் மோட்டாரும் பின்னால். ஆனால் ஒயர் நீளும், நீண்டால் வோல்ட் விழும். தடித்த 6 கேஜ் செம்பு ஒயர் போடு. மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கிற 60 ஆம்பியர் பிரேக்கரைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே மாட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை.

முன்பக்கம் மாட்டும் மோட்டாரா, பின்பக்கமா என்ற சண்டை ஓயாது. முன்னால் மாட்டினால் படகை இழுக்கும், காற்றில் திசை நன்றாக நிற்கும். செயற்கைக்கோள் பார்த்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிற மோட்டார்களும் வந்துவிட்டன, என்னிடம் இருக்கிறது, அருமையான பொருள். ஆனால் உன் படகின் விலையைவிட அது அதிகம். இங்கே வால்ஐ பிடிக்கிற பழைய ஆட்கள் ஒரு வித்தை செய்வார்கள். பின்பக்க மோட்டாரை ரிவர்ஸில் போட்டு, பின்பலகை முன்னே போகும்படி படகை ஓட்டுவார்கள். மோட்டார் இழுக்கும், படகு சொன்னபடி கேட்கும். சில மாடல்களில் மோட்டாரின் கைப்பிடி உள்ள மேல்தலையைத் தண்டின்மேல் திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். அலை இல்லாத நாளில் முயன்று பார்.

போன கோடையில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரத்துக்குப் போயிருந்தோம். ஆற்றைத் தாண்டினால் மின்னசோட்டா. 1934இல் அங்கேதான் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, வளையும் தண்டும் புரொப்பல்லரும் சேர்த்து இந்த மோட்டாரைச் செய்தார். மின்னசோட்டா, டகோட்டா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் பிறந்ததால்தான் அந்த மோட்டார் கம்பெனிக்கு ‘மின் கோட்டா’ (Minn Kota) என்று பெயர். அங்கே நின்றபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

ஒரு பழக்கம் இப்போதே வைத்துக்கொள். ஏரியிலிருந்து வந்ததும் புரொப்பல்லர் நட்டைக் கழற்று. பின்னால் தண்டைச் சுற்றி அறுந்த தூண்டில் நரம்பு முடி மாதிரி மெல்லிசாகச் சுற்றிக் கிடக்கும், வெளியிலிருந்து தெரியாது. அது சுழன்று சுழன்று ரப்பர் சீலை அறுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும், மோட்டார் போச்சு. மனாஸ்குவானில் தண்ணீருக்குள் பழைய மரக்கட்டைகள் நிறைய, அதனால் உடைந்தால் மாற்ற, புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஊசிக்கம்பி (pin) ஒன்றும் நட்டு ஒன்றும் பெட்டியில் வைத்திரு. கடல் பக்கம், பார்னிகட் வளைகுடாவுக்கு, இந்த மோட்டாரைக் கொண்டு போகாதே. உப்பு அரித்துவிடும், ஓத நீரின் இழுப்புக்கு முன்னால் 55 பவுண்டு நிற்காது. மின்சாரமானாலும் மோட்டார் மோட்டார்தான், படகைப் பதிவு செய்துவிடு.

மிச்சமிருப்பது தண்டின் நீளம். புரொப்பல்லரின் மேல்நுனி தண்ணீருக்குள் குறைந்தது 9 அங்குலமாவது இருக்க வேண்டும். 36 அங்குலத் தண்டு போதும் என்று நினைக்கிறேன், ஆனால் அளக்காமல் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அங்குலம் என்று மருமகனை அளக்கச் சொல். பலகையின் தடிமனையும் எடுத்துக்கொள். இரண்டு அளவையும் எழுதி அனுப்பு, அதுவரைக்கும் மோட்டார் வாங்காதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்