"இரு, இன்னும் இல்லை" என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அண்ணா, அக்கா, தம்பி, ஐயா எல்லாருக்கும்,

பெரிய ராக்கெட் விடுவதற்கான லெவல் 2 சான்றிதழ் கிடைத்துவிட்டது. போன முறை கிழிந்த குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவன், இந்த முறை முழு ராக்கெட்டையும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் வந்து சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது, ஏதோ சிரித்துச் சமாளித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராக்கெட் மோட்டார்களை அவை தரும் மொத்த உந்துதலை வைத்து எழுத்துகளால் பிரிப்பார்கள், ஒவ்வோர் எழுத்தின் உச்ச அளவும் முந்தைய எழுத்தைப்போல இரண்டு மடங்கு. ஹெச், ஐ இரண்டும் லெவல் 1. ஜே, கே, எல் மூன்றும் லெவல் 2, அதாவது 640 நியூட்டன்-விநாடிக்கு மேல் 5120 வரை. என்ஏஆர், திரிப்போலி என்ற இரண்டு அமெரிக்க ராக்கெட் சங்கங்களிலும் இதற்கு எழுத்துத் தேர்வு உண்டு, அது படித்தால் வரும். மேலே அனுப்புவதும் அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாராசூட் விரிந்து, திரும்பப் பறக்கக்கூடிய நிலையில் கீழே வர வேண்டும், அங்கேதான் என் போன்றவர்கள் மாட்டுவது.

முதல் நன்றி, போன முறை என் ராக்கெட் கிழிந்தபோது சிரிக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணனுக்கு. மோட்டார் அணைந்த அடுத்த நொடியே ராக்கெட் இரண்டாகப் பிரிந்தது, வேகம் குறையாத நிலையில் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கயிறு விறைத்து, அட்டைக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு மீன் வயிற்றைக் கீறியதுபோலக் கீறிவிட்டது. உயரத்தை அளந்து, பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்தை வெடிக்க வைக்கும் கருவியான ஆல்டிமீட்டரை நான் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டை எங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார்: மூடிய குழாய்க்குள் தரைமட்டத்துக் காற்று அடைபட்டிருக்கும், உயரம் ஏற ஏற வெளிக்காற்று மெலியும், உள்ளே இருப்பது இணைப்பை வெளியே தள்ளும். அதோடு மோட்டார் அணைந்ததும் ஃபின்கள், அதாவது வால் துடுப்புகள், உள்ள பின்பாதியைக் காற்று பிடித்து நிறுத்தப் பார்க்கும், கனமான முன்பாதி அதே வேகத்தில் போகப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் பிரியாமல் என்ன செய்யும்? மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, இணைப்பின் குறுக்கே மெல்லிய நைலான் திருகு இரண்டு, இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் திருகுகள் பறக்கும்போது பிடித்துக்கொள்ளும், பாராசூட்டைத் தள்ளும் அந்தக் கருமருந்து வெடித்தால் மட்டும் அறுந்து வழிவிடும். பிரிவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, பிரியாமல் இருக்கவும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை, பாருங்கள்.

அடுத்தது எபாக்ஸி ஐயா. அவருக்கு நன்றி சொல்வதா, என் முழங்கையைக் காட்டி நியாயம் கேட்பதா தெரியவில்லை. இரண்டாவது ராக்கெட்டை ஃபைபர்கிளாஸில் செய்தேன், பத்து சென்டிமீட்டர் விட்டம், 54 மில்லிமீட்டர் மோட்டார் குழாய். எபாக்ஸிப் பசையால் ஃபின்னை ஒட்டப் போனபோது கையைத் தடுத்து, 80 ஆம் நம்பர் உப்புத்தாளைக் கொடுத்து, "பளபளப்பு போற வரைக்கும் தேய்" என்றார். போய்விட்டது என்றேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஒரு ஓரத்தில் மினுங்கியது, மறுபடியும் தேய்த்தேன். அப்புறம் ஆல்கஹாலில் துடை, துணியில் கறை வராத வரைக்கும் துடை. எபாக்ஸி வழவழப்பில் பிடிக்காது, கீறலில்தான் பிடிக்கும் என்பது படித்துத் தெரிந்ததுதான், ஆனால் அவர் ஒட்டிக் காய வைத்திருந்த இரண்டு மாதிரித் துண்டுகளை உடைக்கச் சொல்லிக் கொடுத்தபோதுதான் நம்பினேன். தேய்க்காதது விரலாலேயே சுத்தமாகப் பெயர்ந்து வந்தது. தேய்த்தது கடைசிவரை வரவில்லை.

மோட்டார் குழாயை உடல்குழாயின் நடுவில் பிடித்து நிறுத்தும் பின்வளையத்தை ஒட்டாமல் விட்டு வைக்கச் சொன்னதும் அவர்தான். ஃபின்னின் அடிப்பகுதி உடல்குழாயின் பிளவு வழியாக உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொட்டு நிற்கும். பின்வளையம் இல்லாவிட்டால் அந்த உள்மூலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், நீளக் குச்சியால் எபாக்ஸியை இழுத்து நிரப்பலாம், கடைசியில் வளையத்தை வைத்து மூடிக்கொள்ளலாம். வெளிமூலைக்கு இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எபாக்ஸி ஊற்றி, உருண்டையான குழாய்த் துண்டால் ஒரே இழுப்பில் இழுத்து, இறுகுவதற்கு முன்பு டேப்பை உரித்துவிட வேண்டும். நான் முதல் மூலையில் டேப்பை மறந்து காயவிட்டேன், அது இன்றைக்கும் ராக்கெட்டில் தழும்பாக நிற்கிறது. இரண்டு ஃபின்களுக்கு நடுவிலுள்ள பள்ளம் மேலே பார்க்கும்படி வைத்து, அதை நிரப்பி, காய்ந்த பிறகுதான் அடுத்த பள்ளம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால் பாதி எபாக்ஸி தரையில்தான் இருக்கும்.

ஆனால் ஐயா, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்ட உற்சாகத்தில் நான் எபாக்ஸியை அள்ளி ஊற்றிவிட்டேன், வாலில் மட்டும் கிட்டத்தட்ட 200 கிராம் கூடிவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது கணக்குப் பார்த்துத் தந்த தம்பி.

தம்பி, உனக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது, உன் வயதுக்கு நான் பள்ளியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று கணக்கிடும் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டியது, பறக்கலாம் என்றேன். "மென்பொருள்ல நீங்க போட்ட எடை இருக்கு, ராக்கெட்டுல இருக்கிற எடை இருக்கா?" என்று கேட்டாய். மோட்டாரைப் போட்டு, பாராசூட்டை மடித்து வைத்து, பேட்டரிகூட விடாமல் எல்லாவற்றையும் ஏற்றி, குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சமநிலை பார்த்தோம். காற்றின் விசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளியான அழுத்த மையம் எங்கே என்பதற்கு 1960களில் ஜேம்ஸ் பாரோமன் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது, மென்பொருள் அதை ஒரு நொடியில் போட்டுவிடும். எடை மையத்தைக் கயிற்றில்தான் பார்க்க வேண்டும். ராக்கெட் நேராகப் போக எடை மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால், நடுவில் குறைந்தது ஒரு குழாய் விட்ட அளவு இடைவெளி, அதாவது எனக்குப் பத்து சென்டிமீட்டர். கயிறு காட்டியது ஏழு. திருகுக்கம்பியில் வாஷர்களைக் கோத்து மூக்கில் 230 கிராம் ஏற்றினோம், பதினொன்றுக்கு வந்தது. மொத்தம் ஆறு கிலோ. சராசரி 350 நியூட்டன் தள்ளும் ஜே மோட்டார், எடையைப்போல ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஐந்துக்குக் கீழே போகாததால் தப்பித்தேன். குழாயின் வெளியே இரண்டு மையங்களையும் பேனாவால் குறித்து வைத்தாயே, அதைப் பார்த்துத்தான் சோதனை மேசையில் இரண்டாவது கேள்வி கேட்காமல் விட்டார்கள்.

தரைச் சோதனைக்கு வந்த மூன்று பேருக்கும் நன்றி. கணக்கில் வந்த அளவுக் கருமருந்தைப் போட்டு ராக்கெட்டைத் தரையில் படுக்க வைத்து வெடித்தோம், மூக்கு ஒரு முழம் நகர்ந்து பாராசூட்டைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றது. கால் கிராம் கூட்டிய பிறகு கயிறு முழுக்க நீளும் அளவுக்குப் பாய்ந்தது. "கூட்டினதும் சரியா வந்துடுச்சுல்ல, போலாம்" என்று நான் சொன்னபோது, அதே அளவை இன்னொரு முறை வெடித்துக் காட்டச் சொன்னீர்கள். எரிச்சலாக இருந்தது, இப்போது இல்லை.

இனி ஏவுதளத்து அக்கா.

அன்று காற்று விட்டுவிட்டு அடித்தது. ராக்கெட்டை ரெயிலில், அதாவது ஏவும்போது வழிகாட்டும் கம்பத்தில், ஏற்றி நிமிர்த்தி, ஏணியில் ஏறி இரண்டு ஆல்டிமீட்டர்களின் சுவிட்சையும் போட்டேன். ஒவ்வொன்றும் மூன்று பீப் கொடுக்க வேண்டும், அப்படியென்றால் உச்சியில் திறக்கும் சிறிய பாராசூட், 200 மீட்டரில் திறக்கும் பெரிய பாராசூட் இரண்டின் இணைப்பும் சரி. காதைக் குழாயில் வைத்துக் கேட்டேன், மூன்று என்றுதான் கேட்டது, கீழே இறங்கிவிட்டேன். அக்கா இறங்கவில்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதைக் காற்றுத் துளையில் வைத்து, கண்ணை மூடி, விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு மூணு சொல்லுது. இன்னொண்ணு ரெண்டுதான்." இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலித்ததில் எனக்கு மூன்றாகவே கேட்டிருக்கிறது. வரிசையில் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள், ஒன்று சரியாக இருக்கிறதே, மாற்றுக்குத்தானே மற்றது, போய்விடலாமே என்று வாய்வரை வந்தது. அவர் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். சுவிட்சை அணைத்து, இறக்கி, மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்தால், டெர்மினலில் ஒரு கம்பி திருகுக்கு அடியில் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அவரே தன் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினார், ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார், நான் இழுத்த பிறகு அவரும் இழுத்துப் பார்த்தார்.

திரும்ப ஏற்றி, மூன்றும் மூன்றும் தனித்தனியாக எண்ணி, பட்டன் அழுத்தினால் ஒரு புகை மட்டும் வந்தது. பற்றவைக்கும் இக்னைட்டர் மோட்டாருக்குள் மேல்முனைவரை போகவில்லை, அது என் தப்பு. ஓடப் போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்திய அண்ணனுக்குத் தனி நன்றி; 60 விநாடி காத்திருக்க வேண்டும் என்பது தேர்வில் நான் சரியாக எழுதிய பதில்.

இரண்டாவது முறை போனது. ரெயிலைவிட்டு நேராக, ஆட்டமே இல்லாமல். உச்சியில் ஒரு வெள்ளைப் பொட்டு, சத்தம் பிறகுதான் வந்தது. 200 மீட்டரில் பெரிய பாராசூட் விரிந்தபோது யாரோ என் முதுகில் ஓங்கி அடித்தார்கள், யார் என்று இன்னும் தெரியவில்லை, அவருக்கும் நன்றி.

இரண்டு இடத்தில் நின்று, விழுந்த திசையைத் தூரத்து மரங்களோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தவர்களால்தான் பத்தே நிமிடத்தில் கிடைத்தது. கிட்டே போனதும் தம்பி என் கையைப் பிடித்துவிட்டான். மண்டியிட்டு நான்கு மருந்துக் குப்பிகளையும் எட்டிப் பார்த்தான். மூன்று கரி பிடித்திருந்தன, நான்காவதில் டேப் அப்படியே இருந்தது. முதல் மருந்து வெடித்த உலுக்கலில் மாற்று மருந்தின் கம்பி கழன்றிருக்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு இரண்டு சுவிட்சையும் அணைத்த பிறகுதான் தொட்டோம். அணைப்பதற்கு முன்பு ஆல்டிமீட்டர் சொன்ன உயரத்தை எண்ணிக்கொண்டோம்: ஏழு, ஆறு, மூன்று. 763 மீட்டர். அந்த நான்காவது கம்பிக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, யாராவது எப்படிக் கட்டுகிறீர்கள் என்று படம் அனுப்பினால் நல்லது.

அக்கா, உங்கள் ஸ்குரூ டிரைவர் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அடுத்த ஏவலுக்கு மறக்காமல் கொண்டுவருகிறேன்.