எனக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நாங்கள் நால்வரும் பீத்தோவனின் ஏ மைனர் குவார்டெட்டை, அவருடைய ஓபஸ் 132ஐ, முழுதாக வாசித்து முடித்தோம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஐந்து பகுதிகள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். வயோலா நான். எட்டு மாதத்துக்கு முன்னால் படுக்கையில் புரண்டு படுக்கவே ஆள் துணை வேண்டியிருந்தவன். வாசித்து முடித்ததும் நன்றி சொல்ல எழுந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்ல வராததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படைப்பே ஒரு நோயிலிருந்து வந்ததுதான். ரஷ்ய இளவரசர் நிக்கோலாய் கோலிட்சின், ஒன்றுக்கு 50 டுகாட் (தங்க நாணயம்) வீதம் தருவதாகச் சொல்லி பீத்தோவனிடம் குவார்டெட்டுகள் கேட்டிருந்தார். அதில் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1825 ஏப்ரலில், வியன்னாவில் பீத்தோவன் குடல் அழற்சி கண்டு படுத்துவிட்டார். ஒயின் கூடாது, காபி கூடாது, மசாலா கூடாது என்று டாக்டர் ஆன்டன் பிரவுன்ஹோஃபர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மே மாதம் பாடன் என்ற ஊருக்குப் போய்த்தான் மெல்லத் தேறினார். தேறியவர் குவார்டெட்டின் மூன்றாம் பகுதிக்கு ஜெர்மனில் இப்படித் தலைப்பு வைத்தார்: 'நோயிலிருந்து மீண்ட ஒருவன் இறைவனுக்குச் செலுத்தும் புனித நன்றிப் பாடல், லிடியன் முறையில்.'

அதே மே மாதம் 11ஆம் தேதி டாக்டரை நினைத்தும் ஒரு சின்ன கேனன், அதாவது ஒரே மெட்டை ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கிப் பாடும் பாட்டு, எழுதினார். சாவு உள்ளே வராதபடி கதவை அடையுங்கள் டாக்டர், இசைச் சுரமும் ஆபத்துக்கு உதவும் என்பது அதன் பொருள். இறைவனுக்குத் தனியாக, டாக்டருக்குத் தனியாக. மொத்தமாக 'அனைவருக்கும் நன்றி' என்று முடித்துக்கொள்ள எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

முதலில், இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்காவுக்கு. போர்வைக்கு மேல் என் இடது கை விரல்கள் அசைவதைப் பார்த்து, "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். சொன்னேன். மறுநாள் மருந்து ஏறும் ஊசியை இடது புறங்கையிலிருந்து எடுத்து வலது முன்கையில் போட்டீர்கள். நான் கேட்காமலே செய்தீர்கள். அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் அந்தப் போர்வைதான் எனக்குக் கம்பி.

அப்புறம் செல்லோ வாசிக்கும் அக்காவுக்கு. எனக்குப் பதிலாக இன்னொருவரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானேதான் சொன்னேன். நீங்கள் மூவரும் கேட்கவில்லை. நாற்காலியையும் ஸ்டாண்டையும் என் இடத்தில் அப்படியே வைத்து, மூன்று பேராக ஒத்திகை பார்த்துப் பதிவுசெய்து அனுப்பினீர்கள். வயோலா தனியாக வரும் இடங்களில், செல்லோவை வாசித்தபடியே என் வரியை வாய்க்குள் முனகியிருந்தீர்கள். அந்த முனகலைக் கேட்டுத்தான் நான் அந்த வரியைப் பாடம் செய்தேன். இந்தக் குவார்டெட்டை எழுதிய நாளில் பீத்தோவனுக்குக் காது போய்விட்டிருந்தது. 1825 நவம்பர் 6 அன்று வயலின் கலைஞர் ஷுப்பன்சிக்கின் குழுவினர் இதைப் பொது மேடையில் முதன்முதலாக வாசித்தபோது, அவருடைய நன்றியை அவருக்காகக் காதால் கேட்டவர்கள் மற்றவர்கள்தான். அந்தப் பதிவுகள் வந்த பிறகு எனக்கு இது வேறு மாதிரிப் புரிகிறது.

லிடியன் என்றால் என்ன என்று ஃபோனிலேயே பாடிக் காட்டிய என் ஆசிரியருக்கு. "எஃப் என்ற சுரத்தை சட்ஜமமாக வை. பி ஃபிளாட் கிடையாது, பிதான். அதாவது பிரதி மத்யமம். கல்யாணியின் ஏழு சுரம் அது, கமகத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேள்" என்றீர்கள். ஒரே நிமிடத்தில் பயம் போய்விட்டது. ஆனால் கல்யாணிபோல அது சட்ஜமத்தில் உட்காருவதில்லை. எஃப்பில் இருக்கிறோமா, சி மேஜர் பக்கம் சாய்கிறோமா என்று காது தடுமாறிக்கொண்டே இருக்கும். உடம்பு தேறிவிட்டதா இல்லையா என்று தெரியாத நாட்கள் அப்படித்தான் இருந்தன.

இரண்டாம் வயலின் தம்பிக்கு. நீண்ட சுரங்களுக்கு வில்லை எங்கே திருப்புவது என்று நால்வரின் நோட்ஸிலும் பென்சிலால் குறித்தவன் நீதான். என் தாளில் மட்டும் கூடுதலாகச் சில குறிகள் இருந்தன. என் தோள் எங்கே வலிக்கும் என்று கணக்குப் போட்டு, நான் வில்லைத் திருப்பும்போது மற்ற மூவரும் திருப்பாமல் இழுத்துப் பிடிக்கும்படி செய்திருந்தாய். கேட்பவர்களுக்கு ஒலி எங்கேயும் அறுந்ததாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் தங்கைக்கு. இந்த மூன்றாம் பகுதியில் பிரார்த்தனை மூன்று முறை வருகிறது. நடுவில் இரண்டு முறை, 'புதிய வலிமையை உணர்ந்து' என்ற குறிப்போடு டி மேஜரில் 3/8 தாளத்தில் வேறொரு இசை வருகிறது. வலிமை என்றதும் அடித்து முழக்குவோம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் வயலின் ட்ரில்லில், அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பதில், நடுங்குகிறது. இடையிடையே மூச்சு வாங்குகிறது. நான் முதன்முதலாக மாடிப்படி ஏறிய காலையில், என்னைத் தொடாமல், முதுகுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நீ பின்னாலேயே ஏறினாய். ஒத்திகையில் அந்த ட்ரில் வந்தபோதெல்லாம் உன் கைதான் ஞாபகம் வந்தது.

இடம் கொடுத்தவர்கள், நாற்காலி போட்டவர்கள், செல்லோவைத் தூக்கி வந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் நேரில் சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன்: நன்றி.

கடைசியாக, கேட்க வந்தவர்களுக்கு. மூன்றாவது முறை வரும் பிரார்த்தனைக்கு 'மிக ஆழ்ந்த உணர்வோடு' என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். அதற்குள் என் கை சோர்ந்துவிட்டது. நால்வரும் சேர்ந்து ஒலிக்கும் கடைசி எஃப் மேஜர் கார்டில் வில் நுனியில் மிச்சமிருந்தது இரண்டு விரல்கடைதான். ஒலி அடங்கிய பிறகும் நீங்கள் யாரும் கை தட்டவில்லை, இருமவில்லை, நாற்காலியை நகர்த்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வயோலாவை மடியில் இறக்கி, தோளைத் தளர்த்தி, ஒருமுறை ஆழமாக மூச்சு விட்டு, மறுபடி தூக்கிக்கொள்ளும் வரை காத்திருந்தீர்கள். அப்புறம் முதல் வயலின் தலையசைத்தார், நான்காம் பகுதியின் அணிவகுப்பைத் தொடங்கினோம்.

அன்புடன்,
உங்கள் வயோலா